வெள்ளையில் ஆடியவர் பெயர்

பூபதிக்கு அன்றைக்கு வந்தது உண்மையில் ஐந்து நிமிட வேலை. கோயம்புத்தூரில் இருக்கும் தேர்வுக் குழு அலுவலகத்துக் கணினியில் செஸ் ஆட்டக் கோப்பைத் தட்டினால் பழைய பலகைதான் திறக்கிறது, இனிமேல் ‘நாடி’தான் திறக்க வேண்டும், வந்து சரிபண்ணிக் கொடுங்கள் என்று போன் வந்தது. இதற்கெல்லாம் ஆள் கூப்பிடுகிறவர்களைப் பற்றி அவனுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டான். மாவட்ட செஸ் சங்கத்தின் கணினி ஆள் என்ற அவனுடைய பதவியே அப்படிப்பட்டவர்களின் புண்ணியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலக வராந்தாவில் ரங்கசாமி உட்கார்ந்திருந்தார். சாயப்பட்டறைகளுக்கு டெம்போ ஓட்டுகிறவர், பூபதியின் ஊர்க்காரர். பக்கத்தில் மகள் மிருதுளா, இஸ்திரி போட்ட சுடிதாரில் விறைப்பாக இருந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கிற நாள் அது. மாவட்டப் போட்டியில் முதலிடம் வந்த பெண்ணுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“ஏனுங் பூபதி, இந்த நாடி நாடிங்கறாங்களே, என்னுங் அது? ஓலைச்சுவடி சோசியமா?” என்று கேட்டார் ரங்கசாமி.

“ஏறக்குறைய அப்படித்தானுங். ஒருத்தரு அடுத்த காயை நகத்த எத்தனை நேரம் எடுக்கறாரு, எந்த எடத்துல தயங்கறாரு, தெரிஞ்ச எடத்துலயே ஏன் நிக்கறாரு, இதையெல்லாம் வெச்சுக் கணக்குப் போடும். வயசான காலத்துல வருதில்லைங், மறதி நோயி, பெத்த புள்ளையவே யாருன்னு கேக்கறது? அது ஒருத்தருக்கு வரப்போகுதான்னு பல வருசம் முந்தியே சொல்லிருமாம்.”

“அட, நல்லதுதானுங்களே!”

“நல்லதுதானுங்” என்று சொல்லிவிட்டு பூபதி உள்ளே போனான்.

குழுத் தலைவர் ஞானசேகரன் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வுபெற்றதை இன்னும் யாரும் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை போலிருக்கிறது. “ரெண்டு தட்டுத் தட்டுனா வெறும் போர்டுதான் வருது. நாங்க பாக்க வேண்டியது காயை இல்லியே” என்றார்.

“ஒவ்வொரு வகைக் கோப்பையும் ஒரு புரோகிராம்கிட்ட ஒப்படைச்சிருக்குங் சார். நீங்க கதவைத் தட்டுனா யாரு எந்திரிச்சு வரோணும்கறது அதுல இருக்குது. இப்ப மாத்திடறேன்.”

ரைட் கிளிக் செய்தான். பட்டியலில் நாடியைத் தேர்ந்தெடுத்தான். ‘எப்போதும் இதிலேயே திற’ என்ற கட்டத்தில் டிக் போட்டான். முடிந்தது வேலை. ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று தலைவர் சொல்ல, அவன் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். அப்பனையும் மகளையும் உள்ளே கூப்பிட்டார்கள். மிருதுளாவின் மாவட்டப் போட்டி ஆட்டக் கோப்பின் மேல் தலைவர் இரண்டு தட்டுத் தட்டினார்.

பலகை வரவில்லை. காய் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வளையம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது.

‘மிருதுளா ரங்கசாமி. மறதி நோயின் தடம்: உறுதி. சுகாதாரப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.’

பூபதி திரைப்பக்கம் குனிந்தான். தான் ஏதோ தப்பான கட்டத்தைத் தட்டிவிட்டோமோ என்று திரும்பத் திரும்ப அந்த மூன்று வாக்கியங்களையே படித்தான். ரங்கசாமிக்குக் கண்ணாடி இல்லாமல் திரை தெரியாது. கடைசி வார்த்தையை மட்டும் எட்டிப் பிடித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கையைக் கூப்பினார்.

“சேத்தாச்சுங்களா சார்? ரொம்ப நன்றிங். என்ர புள்ளைக்கு வேலையாயிருச்சுங்களா?”

மிருதுளா அவர் கையைப் பிடித்து இறக்கினாள். “அப்பா, வாங்க, வெளியே போலாம்” என்றாள்.

ஞானசேகரன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். “முப்பது வருசத்துக்கு வேலை குடுக்கறோம்மா. தெரிஞ்சே குடுத்தா நாளைக்கு என்னைக் கேப்பாங்க” என்றார். நாடி பார்த்ததைப் பதியாமல் விட முடியாது, அது சட்டம், திறந்தாலே பதிவாகிவிடும். வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம், குழு அடுத்த மாதம் மறுபடி கூடும் என்று மேசையைப் பார்த்தே பேசி முடித்தார்.

படிக்கட்டில் மிருதுளா நின்று திரும்பினாள். “பூபதி சார், நீங்க அதை மாத்தாம இருந்திருந்தா வெறும் போர்டுதானுங்களே வந்திருக்கும்?”

வேறு யாராவது வந்து மாற்றியிருப்பார்கள் என்ற பதில் அவன் நாக்கு நுனி வரை வந்தது. இருபது வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னான். சுகந்தி அவன் மனைவி. மாவட்டத்தில் பெயர்பெற்ற ஆர்பிட்டர், அதாவது செஸ் நடுவர். கல்யாண மண்டபத்தில் போட்டி நடக்கும்போது அவள் வரிசை நடுவே நடந்து வந்தால் பந்திக்குக் காத்திருக்கும் பெற்றோர்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள். தொட்ட காயை நகர்த்தாமல் அவளிடம் தப்பித்த ஆள் கிடையாது. சேதியைக் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் புள்ளைக்கா? என்னுங்க சொல்றீங்க? போன போட்டியில கடைசி ரவுண்டுல அது ஆடுன ஆட்டத்தை நானே நின்னு பாத்தேன். கத்தி மாதிரி ஆடுச்சு. மெசினுக்குத்தான் மறதி. போய் மத்த புள்ளைக கோப்பையும் வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க.”

நல்ல யோசனைதான். அதைச் செய்த விதத்தில்தான் பூபதி கெட்டான். சங்கத்தின் ஆள் தானே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று போன வாரமே வீட்டுக் கணினியிலும் நாடியைக் கட்டிப்போட்டிருந்தான். அந்த நினைப்பே இல்லாமல் பழக்க தோஷத்தில் அடுத்த பெயரைத் தட்டினான். ஒன்பது வயதுப் பையன் ஒருவன். தடம்: உறுதி. அதற்கடுத்த பெயரைத் தட்டினான். பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள். தடம்: உறுதி. ஒரு பிள்ளைக்காவது இல்லை என்று வந்துவிடாதா என்ற பதைப்பில் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போனான். உறுதி, உறுதி, உறுதி. நாடி ஒவ்வொரு கோப்பிலும் வெள்ளையில் ஆடியவர் பெயரைத்தான் எடுக்கும்; கல்யாண மண்டபத்தில் வெள்ளைக் காயை எடுத்து ஆடிய அத்தனை பேருக்கும் உறுதி.

பட்டியலின் அடியில் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது: திறந்தாலே பதிவாகிவிடும்.

அதற்குள் வெளியே போன்கள் அலற ஆரம்பித்திருந்தன. அரசாங்கம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுறுசுறுப்பு. தகவல் நேராகப் பெற்றோரின் கைக்குப் போய்விட்டது. பூபதியின் போனில் முதலில் அழுகை வந்தது, பிறகு கேள்வி வந்தது, பிறகு வசவு வந்தது. கடைசியில் அவன் போனை அணைத்துப் பீரோவுக்குள் போட்டான். அவசரத்துக்கு யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எடுத்துப் பேசிவிட்டு மறுபடி அணைத்துவிடுவான்.

ஊர் கதிகலங்கிப்போயிற்று. ஓர் ஊரில் ஒரு பிள்ளைக்கென்றால் விதி என்பார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றால் காரணம் வேண்டுமல்லவா? காரணம் ஆற்றிலேயே சிவப்பும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. சாயத் தண்ணீர்தான் பிள்ளைகளின் மூளையைத் தின்றுவிட்டது என்று சாயங்காலத்துக்குள் தீர்ப்பாகிவிட்டது. குழாயைத் திறக்க ஆளில்லை. பட்டறை வாசலில் கல் விழுந்தது. ஒரு வீட்டில் பையனுக்குப் பதிவானதற்கு அவனுடைய அக்காவின் நிச்சயம் நின்றது.

ரங்கசாமி வீடு தேடி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்த பூபதிக்கு அவர் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது.

“இத்தனை வருசம் அந்தச் சாயத்தைத்தானுங் டெம்போவுல ஏத்தி எறக்குனேன். கையக் கழுவாம புள்ளைக்குச் சோறூட்டியிருக்கறேன். நானே வெசத்தை வெச்சுட்டேனுங்களா பூபதி?”

பூபதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரோ, சாயமோ, எதுவாக இருந்தாலும் கண்டுபிடித்தே தீருவது என்று அன்றைக்கே பீரோவைத் திறந்து போனை எடுத்து, நாடியைச் செய்த சென்னைக் கம்பெனிக்குப் பேசினான். ஒரு நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் மாற்றி, கடைசியில் வாசுகி என்ற பொறியாளர் கிடைத்தாள். நிதானமான பெண், கோப்புகளை அனுப்பச் சொன்னாள்; அவன் போனை அணைக்காமல் காத்திருக்க, பார்த்துவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

“சார், இந்தப் போட்டியில, நகர்த்தறதைத் தானாப் பதியற டிஜிட்டல் போர்டு வெச்சீங்களா?”

“அதுக்கு எங்ககிட்ட ஏதுங் வசதி? புள்ளைக ஸ்கோர் ஷீட்டுல எழுதிக் குடுக்கும். நாங்க அதைப் பாத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்துவோம்.”

“ஸ்கோர் ஷீட்ல நேரம் எழுதுவாங்களா?”

“இல்லீங். நகத்துனது மட்டுந்தான்.”

“அப்புறம் எப்படி சார் கோப்புல ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை செகண்ட்னு கணக்கு இருக்கு?”

அவனுக்குத் தெரியும். நேரக் கணக்கு இல்லாத கோப்பைச் சங்கத்தின் இணையதளம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்த காலம் ஒன்று இருந்தது. ஏற்றுகிற புரோகிராமில் ‘நேரத்தைத் தானே நிரப்பு’ என்றொரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்து, அவன்தான் அதில் டிக் போட்டான். அதற்கப்புறம் ஒரு கோப்பும் திரும்பி வரவில்லை. இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஆகிறதோ அதையே புரோகிராம் நிரப்பிக்கொண்டிருந்தது. மாநிலம் முழுக்கப் பாராட்டு வாங்கிய யோசனை அது.

தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அப்போ அது அந்தப் பிள்ளைங்க யோசிச்ச நேரம் இல்ல சார். ஏத்தினவங்களோட நேரம்.”

“அப்படின்னா? எங்க புள்ளைகளுக்கு ஒண்ணும் இல்லீங்களா?”

“அவங்களை நாடி பார்க்கவே இல்ல. ஆனா இதைப் பேச்சுல சொன்னா குழு ஒத்துக்காது. அவங்க முன்னாடி, அதே மாதிரி, அதே ஆள் உட்கார்ந்து ஏத்திக் காட்டணும். இதே ரிசல்ட் வரணும். வந்தா எல்லாப் பதிவும் ரத்தாயிடும்.”

“வேற ஒருத்தரு உக்காந்து ஏத்துனா?”

“வேற கைன்னா வேற ரிசல்ட்தானே சார்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “யார் சார் ஏத்தினது?”

“நானும் என்ர சம்சாரமும். நான் வாசிப்பேன், அவ ஏத்துவா.”

“ஓ” என்றாள் வாசுகி.

பூபதி போனை வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தான். பிள்ளைகள் பிழைத்தார்கள்! மிருதுளா பிழைத்தாள்! தண்ணீரும் இல்லை, சாயமும் இல்லை, ரங்கசாமி விஷம் வைக்கவில்லை! “சுகந்தி! சுகந்தி!” என்று கூவிக்கொண்டே சமையலறைப் பக்கம் ஓடினான். நிலைப்படியில் காலை வைத்தபோதுதான் அந்த ‘ஓ’வின் அர்த்தம் அவனுக்கு விளங்கியது. நடுமண்டையில் யாரோ ஓங்கிப் போட்டது போலிருந்தது.

“என்னுங்க?” என்று கரண்டியோடு திரும்பினாள் சுகந்தி.

“ஒண்ணுமில்லை. தண்ணி குடு.”

அந்தத் தடம் இரண்டு பேரில் ஒருவருடையது. வாசிக்கிறவன் தயங்கினாலும் கிளிக் தாமதமாகும். ஏற்றுகிறவள் தயங்கினாலும் தாமதமாகும். மறுநாள் பகலில் சுகந்தி பெருந்துறையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது பூபதி கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தான். வெள்ளையில் ஆடியவர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தான். ஒரு பழைய ஸ்கோர் ஷீட்டை எடுத்துவைத்துக்கொண்டு தானே வாசித்துத் தானே ஏற்றினான். கடவுளே, அது நானாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் ஏற்றினான். அதில் பொய்யே கிடையாது.

‘பூபதி. மறதி நோயின் தடம்: இல்லை. சுகாதாரப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.’

அப்பாடா என்றது அவன் மனசு. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக அவன் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் இல்லை என்றால் யார் என்று யோசிக்காத மனசு என்ன மனசு? கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் அந்த நாற்காலியிலேயே சுருண்டு கிடந்தான்.

அதற்கப்புறம் தன் சொந்த வீட்டில் அவன் உளவாளியாகிவிட்டான். ரசத்தில் உப்பு இருக்கிறதா, சாவியை எங்கே வைக்கிறாள், பால்காரனுக்கு எந்தக் கிழமை விடுமுறை சொன்னாள் என்று வேவு பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. கேஸ் ஏஜென்சி நம்பர் மனப்பாடமாகச் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவன் சொன்ன ஒரு பொய்யைத் தேதியோடு எடுத்துக் காட்டினாள். நாடி சொல்வது இன்னும் பல வருஷம் கழித்து வரப்போவதை என்று தெரிந்தும், ஒவ்வொரு முறை அவள் சரியாகச் சொன்னபோதும் அவனுக்கு உயிர் வந்தது.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்றும் யோசித்தான். அவள் பெயர் பதிவேட்டில் ஏறினால் ஆர்பிட்டர் உரிமம் போகும். வண்டி ஓட்ட முடியாது. காப்பீடு கைகழுவும். அதைவிட, தனக்கு என்ன வரப்போகிறது என்பதை நாள்தோறும் தெரிந்துகொண்டே அவள் வாழ வேண்டும். சொல்லாவிட்டால் மிருதுளாவும் மற்றப் பிள்ளைகளும் செய்யாத குற்றத்துக்கு ஆயுள் முழுக்க அதே தண்டனையை அனுபவிக்க வேண்டும். ரங்கசாமி கையைக் கழுவிக்கொண்டே இருப்பார். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

குழு கூடுவதற்கு முந்தின நாள் காலையில், சட்டைக்குப் பித்தான் போட்டபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “கோப்புல ஏதோ நேரக் கணக்குல கோளாறாம். நாம ரெண்டு பேரும் வந்து குழு முன்னாடி ஏத்திக் காட்டுனா புள்ளைக பதிவு ரத்தாயிருமாம். நாளைக்குப் போகோணும்.”

“சரிங்க, போலாம்” என்றாள்.

எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று குடைகிற சுகந்தி இதற்கு மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதியில் பூபதி அதைக் கவனிக்கவில்லை.

குழு அலுவலகத்து வராந்தாவில் ஊரே நின்றது. உள்ளே ஞானசேகரன், பக்கத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த வாசுகி, சுவரோரமாக ரங்கசாமியும் மிருதுளாவும். பெயர் எதுவும் இல்லாத சோதனைக் கோப்பு ஒன்றை வாசுகி திறந்துவைத்தாள். சுகந்தி போட்டி நாட்களில் கட்டுகிற அரக்குக் கரைப் புடவையில் வந்திருந்தாள். உட்கார்ந்து மவுஸைக் கையில் எடுத்தாள்.

“வாசிங்க” என்றாள்.

பூபதி வாசித்தான். சிப்பாய், சிப்பாய், குதிரை. குதிரை என்றதும் அவள் கை மவுஸில் ஒரு நொடி நின்றது, பிறகு போனது. மந்திரி என்றான், நின்றது, போனது. இந்த இடைவெளியை அவன் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். தப்பு வந்துவிடக்கூடாது என்று அவள் எடுக்கும் கவனம் என்றே நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறான். இப்போது ஒவ்வொரு இடைவெளியும் அவன் நெஞ்சில் இறங்கியது.

‘மறதி நோயின் தடம்: உறுதி.’

வாசுகி தலையசைத்தாள். ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் அத்தனை பேர் பதிவையும் ரத்து செய்வதாக அறிவித்தார். வராந்தாவில் எழுந்த கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரங்கசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினார். மிருதுளா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சுகந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது.

“சரி, இந்த ரிசல்ட் யாரோடதுன்னு இப்ப நான் பதிஞ்சாகணும்” என்றார் ஞானசேகரன். “வாசிச்சவரா, ஏத்துனவங்களா?”

“என்னுதுங் சார்” என்றான் பூபதி. “நான்தான் வாசிக்கத் தயங்குனேன்.”

“இல்லீங்க சார். என்ர பேரைப் போடுங்க” என்றாள் சுகந்தி. குரலில் நடுக்கம் இல்லை. “இவரு ஒருநா என்னைக் கூப்புட்டுக்கிட்டே ஓடியாந்து, வாசப்படியில நின்னு தண்ணி கேட்டாரு. அன்னிக்கே எனக்குச் சந்தேகம். போன செவ்வாக்கெழமை இவரு இல்லாதப்ப நானே தனியா ஒரு ஆட்டத்தை ஏத்திப் பாத்துட்டேன். உறுதிங்கற வார்த்தையப் பாத்ததும் மூடிட்டேன். இவருகிட்டச் சொல்லலை, தாங்க மாட்டாரு.”

பூபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளும் தெரிந்தேதான் வந்திருக்கிறாள். அவனிடமிருந்து அவளும், அவளிடமிருந்து அவனுமாக ஒரே விஷயத்தை ஒரே வீட்டில் ஒளித்துவைத்திருந்தார்கள்.

“அப்படின்னா ஏற்கெனவே பதிவாகியிருக்கணுமேம்மா” என்று ஞானசேகரன் விசைப்பலகையைத் தட்டினார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடி தட்டினார். “உங்க பேர்ல ஒண்ணும் இல்லியே. செவ்வாக்கெழமை உங்க ஊர்லேருந்து வந்தது ஒண்ணே ஒண்ணுதான். தடம் உறுதி. பேரு பூபதின்னு இருக்கு. அதுக்குக் கொஞ்ச நாள் முந்தி அதே பூபதிக்குத் தடம் இல்லைன்னும் இருக்கு. என்னங்க இது கூத்து?”

பூபதியின் போன் பீரோவுக்குள் அணைந்து கிடந்ததால் அந்தத் தகவல் அவன் கண்ணில் படவே இல்லை. ஆனால் என்ன நடந்தது என்பது அந்த அறையில் ஆட்டம் ஏற்றிப் பழகிய எல்லோருக்கும் உடனே புரிந்தது. புது ஆட்டம் தொடங்கினால் புரோகிராம் முந்தின ஆட்டத்தின் பெயரையே தலையில் வைத்துக் கொடுக்கும். அதை அழித்துப் புதுப் பெயர் போட்ட பிறகுதான் காயைத் தொட வேண்டும். புதிதாக வரும் ஒவ்வோர் ஆர்பிட்டருக்கும் சுகந்தி முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். பெயரை மாற்றாமல் அவள் ஓர் ஆட்டத்தையும் ஏற்றியதில்லை.

சுகந்தி திரையை எட்டிப் பார்த்தாள். முகத்தில் இருந்த ரத்தம் அத்தனையும் வடிந்துவிட்டது. உறுதி என்று வந்ததை ஒரு வாரம் தனியாகச் சுமந்து, நன்றாகப் புடவை கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வந்தவள் இதைத் தாங்க முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்தாள்.

“பேரை மாத்தலையா நானு?” என்றாள்.



“அது என்னுதுதானுங் சார்” என்றான் பூபதி அவசரமாக. “முதல் தடவை நான் சரியா ஏத்தலை. ரெண்டாவது ஏத்துனதும் நான்தான். அவ பேரை மாத்தித்தான் ஏத்துனா. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன். நடுவுல கரண்டு போயிருச்சு, அதான் பதிவாகலை.”

ஞானசேகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மா தனியா இருந்தேன்னு சொல்றாங்க. இங்க இருக்கறதை மாத்தணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.”

“மாத்த வேண்டாமுங். அப்படியே இருக்கட்டும்” என்றான் பூபதி.

சுகந்தி பேசுவாள் என்று பூபதி காத்திருந்தான். ஒரு பையன் காயைத் தொட்டுவிட்டுத் தொடவில்லை என்று சாதித்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி அதட்டுகிறவள் அவள். இந்தப் பச்சைப் பொய்க்கு என்ன சொல்லப்போகிறாளோ என்று அவனுக்குப் படபடத்தது. அவள் அவன் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நீங்க பக்கத்துலயா இருந்தீங்க?” என்று கேட்டாள்.

அதட்டலில்லை. கிண்டலில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

“இருந்தேன் கண்ணு” என்றான் பூபதி.

சுகந்தி மெல்லத் தலையாட்டினாள்.